பெட்டி தூக்காத ஜெனரல்

“…அதிகாரியான நாளிலிருந்து மழையில் என் குடையைக்கூட நான் பிடித்ததில்லை. இப்போது இந்தப் பெட்டியை நான் தூக்க வேண்டுமா?” என்று ஜெனரல் கேட்டார்.

கேட்டது எங்கள் சமையல்காரனிடம். துபாயில் கடலுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய வில்லாவின் வாசலில், காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். நான் அவருடைய டிரைவர். கேட்டுக்கு வெளியே எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை இறக்கி வண்டியில் உட்கார்ந்திருந்தேன். வாசல்படியில் அவர்கள் இருவருக்கும் நடுவே, மூடியில் தங்க நிற ஒட்டகம் போட்ட பெரிய பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று இருந்தது. சமையல்காரனின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வெள்ளைத் துணிக்குள் இருந்தன.

அந்தப் பெட்டியை ஜெனரலின் கையில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே ஒருவன் அந்த வீட்டில் இத்தனை காலம் அடுப்படியில் நின்றான். ஏன் என்று சொன்னால்தான் மேலே போக முடியும்.

ஜெனரலை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். ‘அவன்’ என்று எழுத ஆசைதான். பத்துப் பேர் பார்க்கக் கதவைத் திறந்துவிட்டு ‘சாப்’ என்றே கூப்பிட்ட நாக்குக்குப் பழக்கம் விடவில்லை. அவருடைய நாட்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. அந்த நாட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அவர்மீது என்னைவிடக் கோபம் அதிகம்.

பின் சீட்டில் உட்கார்ந்தால் டிரைவருக்குக் காது இல்லை என்று பெரிய மனிதர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால்தான் எனக்கு அவருடைய வாழ்க்கை தெரியும். வறண்ட மலையில் ஒரு எல்லைக் காவல் சாவடியில் சின்ன அதிகாரியாகத் தொடங்கியிருக்கிறார். கழுதை முதுகில் போதைப் பொடி வரும் வழி அது. முதலில் பிடித்தார். பிடித்ததைக் குவித்து வைத்து, போட்டோக்காரர்களைக் கூப்பிட்டு, தீ வைத்தார். ஒவ்வொரு தீக்கும் தோளில் ஒரு நட்சத்திரம் ஏறியது. ஒருநாள் பின் சீட்டில் இருந்த விருந்தாளியிடம் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். “அன்றைக்கு எரிந்ததெல்லாம் கோதுமை மாவு. மேலாக ஒரு கை சரக்கு தூவியிருந்தோம், வாசனைக்கு. அமைச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ரொட்டி கருகுகிற மாதிரி இருக்கிறதே என்று.”

விருந்தாளி சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. எனக்கும் சிரிப்பு வந்ததை மறைக்க மாட்டேன். கெட்ட மனிதர்கள் நன்றாகப் பேசுவார்கள், அதுதான் அவர்களிடம் உள்ள தொல்லை.

அப்புறம் எல்லை முழுவதும் அவர் கைக்கு வந்தது. அவருடைய முத்திரை ஒட்டிய லாரியை எந்தச் சாவடியிலும் திறக்கக் கூடாது என்று ஆனது. கடத்தல்காரர்களில் இரண்டு பெரிய கூட்டங்கள் இருந்தன. ஒரு கூட்டத்துக்கு வழி விட்டு, அந்த வழியை மறு கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுத்து, இரண்டு பேரிடமும் பங்கு வாங்கினார். “என் எல்லையில் எறும்பு ஊர்ந்தாலும் எனக்கு சலாம் வைத்துவிட்டுத்தான் ஊரும்” என்பார். ஓய்வு பெற்றதும் மச்சினன் பெயரில் வாங்கியிருந்த இந்த வில்லாவுக்குக் குடும்பத்தோடு வந்தார். வெளியே சொல்லிக்கொள்ள ஒரு மார்பிள் கடை. எங்கள் விசாவெல்லாம் அந்தக் கடையின் பேரில்தான். நான் அங்கே ஒரு கல்லைக்கூடப் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு பழக்கம். கையில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். போனை செக்ரட்டரி பிடிப்பான், காதருகே கொண்டுபோய்க் கொடுப்பான். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்ட ஒருவன். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். இன்னொரு பழக்கம், எங்களில் யாருக்கும் பெயர் கிடையாது. சமையல், தோட்டம், டிரைவர், எல்லாரும் “மதராசி”. கூப்பிட்டால் மூன்று பேரும் ஓடுவோம். யார் வேண்டுமோ அவனைப் பார்ப்பார், மற்றவர்கள் திரும்பிவிட வேண்டியதுதான்.

பெயர் கேட்காத அந்தப் பழக்கம்தான் பின்னால் அவரை விழுங்கியது.

சமையல்காரன் எனக்கு அப்புறம் வந்தவன். சிவகங்கைப் பக்கம். அதற்கு முன்னால் குவைத்தில், அப்பாசியாவில் ஒரு மெஸ்ஸில் நின்றவன். வந்த புதிதில் பேசவே மாட்டான். ஆட்டுக்கறி அவன் கைக்குப் பணிந்தது. ஜெனரல் முதல் வாரத்திலேயே இன்னொரு தட்டு கேட்டார். ஒரு வெள்ளிக்கிழமை பர் துபாய்க்கு என்னோடு வந்தான். மீனா பஜாரில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நம் வீட்டில் உங்களுக்கு முன்னால் தோட்டவேலை பார்த்த ஒரு பையனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்று கேட்டான். நான் இல்லை என்றேன். “என் தம்பிண்ணே” என்றான்.

அந்தத் தம்பிக்குக் குவைத்தில் நல்ல வேலை ஒன்று அமைந்தது. விசா வந்தது. கிளம்புகிற அன்று ஜெனரல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். செக்ரட்டரி ஒரு பேரீச்சம்பழப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். குவைத்தில் சாபுடைய நண்பருக்குச் சேர்த்துவிடு என்றான். ஜெனரல் தலையசைத்தார்.

கல்ஃப்பில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே யாரும் தன் சாமானை மட்டும் எடுத்துக்கொண்டு பயணம் போவதில்லை. ஒருவன் கிளம்புகிறான் என்று தெரிந்தால் அவன் பெட்டியில் நாலு பேருடைய வீடு ஏறும். ஊறுகாய், தைலம், பிள்ளைக்கு பொம்மை, யாரோ ஒருவரின் மருந்து. கட்டிக் கொடுத்ததைப் பிரித்துப் பார்ப்பது கிடையாது. பிரித்தால் கொடுத்தவனைத் திருடன் என்று சொன்ன மாதிரி. அதிலும் முதலாளி கொடுத்தால் கேட்கவே வேண்டாம். தம்பி அன்றைக்கு அண்ணனுக்கு போன் பண்ணிப் பெருமையாகச் சொல்லியிருக்கிறான், ஜெனரலே என்னை நம்பி சாமான் கொடுத்துவிடுகிறார் என்று.

அண்ணன் அப்பாசியாவில் மீன் குழம்பு வைத்து மூடிவிட்டு ஏர்போர்ட்டுக்குப் போனான். அந்த விமானத்தில் வந்தவர்களெல்லாம் வெளியே வந்தார்கள். தம்பி வரவில்லை.

பழங்களுக்கு அடியில் பொடி இருந்தது. குவைத்தில் புதிதாகப் பிடித்த வியாபாரி ஒருவன் மாதிரி பார்க்க அனுப்பியது. தம்பி விசாரணையில் ஜெனரல் வீட்டைச் சொன்னான். அங்கிருந்து கேட்டார்கள். எனக்கு அப்படி எந்த மதராசியையும் தெரியாது என்று இவரிடமிருந்து பதில் போனது. அது பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, அவருக்கு நிஜமாகவே பெயர் தெரியாது. அதனால்தான் பின்னால் அண்ணன் அதே வீட்டு அடுப்படிக்கு வந்தபோதும் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. தம்பிக்கு நீண்ட தண்டனை.

இதையெல்லாம் கேட்டதும் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். விஷம் வைக்கப் போகிறாயா என்று மெதுவாகக் கேட்டேன். அவன் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

“செத்தா அவனுக்கு லாபம்ணே. பெட்டி யாரோடதுன்னு அப்பறம் எவன் சொல்லுவான்? அவன் நல்லா சாப்பிட்டுத் தெம்பா இருக்கணும். என்னை நம்பணும். ஒருநாள் எங்கிட்டயும் ஒரு பெட்டி குடுக்கணும். அதுக்குத்தான் சமைக்கிறேன்.”

மீனா பஜாரில் கீழக்கரைக்காரர் ஒருவருக்கு அத்தர் கடை உண்டு. பிறந்ததிலிருந்து அரபு பேசுகிறவர் மாதிரிப் பேசுவார். பாஸ்போர்ட் தொலைத்தவன், சம்பளம் வராதவன், எல்லாரும் அவர் கடைப் படியில்தான் நிற்பார்கள். இவனைக் கூட்டிப்போய் நிறுத்தினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “கோவத்தை ஃப்ரிட்ஜுல வச்சுக்கங்க தம்பி. வெளிய வச்சா ஒரே நாள்ல கெட்டுப்போகும்” என்றார். அப்புறம் தனக்குத் தெரிந்த ஒரு போலீஸ் அதிகாரியிடம் அவரே அழைத்துப் போனார். அந்த அதிகாரி அரபில் சொன்னதை எங்களுக்குத் தமிழில் சொன்னார். பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவன்தான் குற்றவாளி. தம்பிக்கு நடந்ததும் அதுதான். அடுத்த பெட்டி வந்தால் நீ தொடாதே, தள்ளாதே, காலாலும் படாதே. அவர் கையில் அது இருந்தால் மட்டும் எனக்குப் போதும்.

அதிலிருந்து அவன் சமைத்த சமையலைப் பற்றி என்ன சொல்ல. நானும் சாப்பிட்டேன், குற்ற உணர்ச்சி எதுவும் இல்லாமல் சாப்பிட்டேன். ஒருநாள் கேட்டேன், இவ்வளவு ருசி எப்படி வருகிறது என்று. “பிரியத்துல சமைச்சா உப்பு கூடும் கொறையும்ணே. வெறுப்புல சமைக்கிறவன் ஒருதடவ கூட அசர மாட்டான்” என்றான்.

பிறகு ஜெனரல் விழ ஆரம்பித்தார்.

அவர் நாட்டில் ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் அவருடைய முத்திரை ஒட்டிய லாரி ஒன்றைத் திறந்தார்கள். இரண்டு கூட்டங்களில் ஒன்றின் தலைவன் பிடிபட்டு, டிவியிலேயே பேசினான், இரண்டு பக்கமும் பங்கு வாங்கியது யார் என்று. இங்கே ஹாலில் இருந்த பெரிய டிவியில் அதை அவர் நின்றுகொண்டே பார்த்தார். ரிமோட்டை எடுத்து அணைக்க யாரும் பக்கத்தில் இல்லை என்பதால் முழுவதையும் பார்க்க வேண்டியிருந்தது.

விருந்தாளிகள் வருவது நின்றது. மனைவி மகன்களிடம் போய்விட்டார், அவர்கள் வேறு கண்டத்தில் இருக்கிறார்கள். செக்ரட்டரி ஒருநாள் சலூனுக்குப் போகிறேன் என்று போனவன்தான், ஜெனரலின் வாட்சும் அவனோடு போனது. பெரிய வண்டிகளை யார் யாரோ வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். பேட்டரி செத்த பழைய கார் ஒன்று மிச்சம். வேலைக்காரர்களில் நானும் அவனும் மட்டும் மிச்சம். நாங்கள் ஏன் போகவில்லை என்று ஜெனரலுக்குத் தோன்றவே இல்லை. விசுவாசம் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மாதங்கள் எங்களுக்குத் திருவிழா. அவரை எங்கே அழைத்துப் போனாலும், திரும்பி வந்ததும் நான் நேராக அடுப்படிக்குப் போவேன். அவன் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டு கேட்பான். ஒரு ஹோட்டல் வாசலில், முன்பெல்லாம் அவர் தோளில் முத்தம் வைக்கிற சரக்கு வியாபாரி ஒருவன் எதிரே வந்தான். ஜெனரல் கையை நீட்டினார். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டான். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல், ஜெனரல் மீசையைத் தடவிக்கொண்டார். இதைச் சமையல்காரன் திரும்பத் திரும்பக் கேட்டான்.

“கை எவ்வளவு நேரம்ணே அந்தரத்துல நின்னுச்சு?”

“நீ ஒரு பரோட்டா திருப்புற நேரம்.”

“கருகிருக்குமே” என்றான். அன்று முழுவதும் அடுப்படியில் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

நல்ல மனிதர்கள் இப்படிச் சந்தோஷப்படலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். சிறைக்குப் போன தம்பி வாரம் ஒருமுறை அண்ணனுக்குப் பேசுவான். பேசி முடித்தபின் அவன் முகத்தைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

ஜெனரலுக்குப் பயம் பிடித்தது. பழைய கூட்டாளிகள் சாப்பாட்டில் ஏதாவது கலந்துவிடுவார்கள் என்று, தட்டு வந்ததும் சமையல்காரனை எதிரே உட்காரச் சொல்லி முதல் கவளத்தை அவனைத் தின்னச் செய்வார். தினமும் இருவரும் நேருக்கு நேர். உலகத்தில் அவர் நம்பிய ஒரே ஆள் அவன்தான். அவன் நிதானமாக மென்றுகொண்டிருப்பான்.

கடைசியில் அவன் ஊருக்கு லீவு கேட்டான். ஜெனரல் யோசித்தார். மறுநாள் முகம் மலர்ந்து, டிக்கெட் நானே போடுகிறேன், பஹ்ரைன் வழியாகப் போ என்றார். ஈசா டவுனில் அவருடைய நண்பர் ஒருவர் இருக்கிறார், ஏர்போர்ட்டுக்கு ஆள் அனுப்புவார், அவரிடம் கொஞ்சம் பேரீச்சம்பழம் சேர்த்துவிட வேண்டும். லாரி லாரியாக அனுப்பிய மனிதர் பெட்டிக்கு இறங்கிவிட்டார். அதைக் கொடுக்க ஒரு செக்ரட்டரிகூட இல்லை. தன் வாயாலேயே கேட்டார்.

அவன் சரி சாப் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு வந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினான்.

அத்தர் கடைக்காரர் மூலம் அதிகாரிக்குச் சேதி போனது. அவருடைய ஆட்கள் வாசலுக்கு வெளியே இருப்பார்கள். ஆனால் பெட்டி ஜெனரலின் கையில் கேட்டைத் தாண்டி வர வேண்டும். குடையே பிடிக்காதவரின் கையில் எப்படி வரும்? இவன் எதிரே நின்றால் இவனைத்தான் தூக்கச் சொல்வார். எனக்குத் தோன்றிய யோசனை, கையில் மஞ்சள் தடவித் துணி சுற்றிக்கொள், சுட்டுவிட்டது என்று சொல்.

“அவன் ஆயுசு பூரா காயம் பாத்தவன்ணே. துணிய அவுக்கச் சொல்லுவான்.”

நான் அதோடு பேச்சு முடிந்தது என்று நினைத்தேன். பயணத்துக்கு முந்தின நாள் மதியம், பிரியாணிக்கு அரிசியை அரைவேக்காட்டில் வடிக்கிற நேரம், அடுப்படியில் அண்டா விழுந்த சத்தம் கேட்டது. ஓடினேன். குழாய்க்கு அடியில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தோல் வெந்து உப்பியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் தானாக வழிந்தது. நான் அவனைத் திட்டினேன், வாயில் வந்த எல்லாவற்றையும் சொல்லித் திட்டினேன். “துணி இருக்கா பாருங்கண்ணே” என்று மட்டும் சொன்னான்.

சத்தம் கேட்டு ஜெனரல் வந்தார். அந்த வீட்டின் அடுப்படிக்குள் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அதற்குள் நான் துணி சுற்றியிருந்தேன். அவிழ் என்றார். அவிழ்த்தேன். குனிந்து, புரட்டி, சரிதான் என்பதுபோலத் தலையசைத்தார். நிமிர்ந்து, தரையில் சிதறிக் கிடந்த சோற்றைப் பார்த்தார்.

“அப்படியென்றால் இன்றைக்கு பிரியாணி கிடையாதா?” என்றார்.

அதுவரை நான் சமையல்காரனுக்காகத்தான் இதில் இருந்தேன். அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்காகவும் இருந்தேன்.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் எனக்குப் பிடித்த இடத்தில் முடிக்க முடியாது. எதிர் வேலியில் செடி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் போலீஸ்காரர்கள். கேட்டுக்கு வெளியே வைத்து அவரைப் பிடித்தார்கள். பெட்டியை அங்கேயே திறந்தார்கள். விசாரணையில் தன் தண்டனையைக் குறைத்துக்கொள்ள எல்லார் பெயரையும் சொன்னார், எங்கள் பெயர்தான் அவருக்குத் தெரியாதே தவிர, கூட்டாளிகள் பெயரெல்லாம் நன்றாக நினைவிருந்தது. குவைத்துப் பெட்டியும் வெளியே வந்தது. மனு எழுதிப் போட்டு, காத்திருந்து, மறுபடி எழுதிப் போட்டு, தம்பி வெளியே வந்தான். இப்போது ஊரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். பேச்சு குறைவு. அண்ணனுக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஜெனரலை அவர் நாட்டுக்கு அனுப்பினார்கள், அங்கே அவருக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். கோர்ட்டுக்கு நடத்திப் போகிற வீடியோ ஒன்று என் போனில் இருக்கிறது. மனசு சரியில்லாத நாட்களில் பார்ப்பேன்.

இனி வாசல்படிக்கு வருகிறேன்.

பெட்டியை ஒரு பிக்கப்காரன் கொண்டுவந்தான். பழைய நாளாக இருந்தால் கார் டிக்கி வரை வைத்துவிட்டு, சலாம் போட்டுவிட்டுப் போயிருப்பான். அன்று படியில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். ஜெனரல் வெளியே வந்தார். “மதராசி” என்று கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேருமே பார்த்தோம். அவர் பார்வை என்மீது இருந்தது. நான் ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை உறுமவிட்டேன்.

“அண்ணன் இறங்க முடியாது சாப். மிதிச்ச கால எடுத்தா வண்டி நின்னுரும். பேட்டரி செத்துக் கெடக்கு” என்று சமையல்காரன் அவனுக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னான். அதில் பொய் இல்லை.

அப்போதுதான் ஜெனரல் குடையைப் பற்றி அந்தக் கேள்வியைக் கேட்டார். சமையல்காரன் இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டிக் காட்டினான். துணியில் மஞ்சளாக நீர் கசிந்திருந்தது. பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

“ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு சாப்.”

ஜெனரல் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். ஹாலில் யாரும் இல்லை. தோட்டத்தைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார், எதிர் வேலியில் செடி வெட்டுகிறவர்களைக் கூப்பிடலாமா என்று நினைத்தாரோ என்னவோ, வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். வேட்டியைத் தூக்கிப் பிடிப்பதுபோல அங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே குனிந்தார். எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் மூடியில் ஒருமுறை கை வைத்தார், அப்புறம் அங்கியை விட்டுவிட்டு இரண்டு கையையும் அடியில் கொடுத்தார். பெட்டியை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, கேட்டை நோக்கி நடந்து வந்தார்.